ராகி கார பிஸ்கட்: தீபாவளிக்கு வீட்டிலேயே சுடப் பழகுவோருக்கான வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி, ஒசூர் வட்டாரங்களில் தீபாவளிப் பலகாரம் என்றதும் முறுக்கு, நிப்பட்டு, அதிரசம் ஆகியவையே முதலில் நினைவுக்கு வரும். கார பிஸ்கட்டை மட்டும் பேக்கரியில் வாங்கிக்கொள்வதே வழக்கமாக இருக்கிறது. பெங்களூரு ஐயங்கார் பேக்கரிகளின் வழியாக நமக்கு அறிமுகமான அந்தப் பலகாரத்தை, மைதாவும் வனஸ்பதியும் சேர்க்காமல், நம் மானாவாரிக் காடுகளில் விளையும் ராகியைக் கொண்டு, பேக்கரியில் கிடைப்பதைவிட மெல்லியதாகவும் மொறுமொறுப்பாகவும் வீட்டு ஓவனிலேயே சுட்டெடுக்க முடியும். எண்ணெய்ச் சட்டியின் முன் மணிக்கணக்கில் நிற்க வேண்டியதில்லை என்பதும், சுடச்சுட எண்ணெயைக் கையாளும் அச்சம் இல்லை என்பதும் புதிதாகப் பலகாரம் செய்யத் தொடங்குவோருக்குப் பெரிய வசதி.

ஒன்றைத் தொடக்கத்திலேயே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பிஸ்கட் செய்முறைகள் பெரும்பாலும் "பொன்னிறமாக வரும்வரை சுடவும்" என்று முடிகின்றன. அவை மைதாவுக்கும் கோதுமைக்கும் எழுதப்பட்டவை. ராகி மாவு பிசையும்போதே பழுப்பாக இருப்பதால், வெந்ததா, வேகவில்லையா, கருகத் தொடங்கிவிட்டதா என்பதை நிறம் நமக்குச் சொல்லாது. புதிதாகச் சுடுவோரின் ராகி பிஸ்கட் நடுவில் மெத்தென்றோ விளிம்பில் கசந்தோ போவதற்கு முதன்மையான காரணம் இதுவே. மொறுமொறுப்பைத் தருவது மாவிலுள்ள ஈரம் முழுமையாக வெளியேறுவதுதான். அரைப்பதிலிருந்து ஆறவைப்பது வரை இங்கே சொல்லப்படும் எல்லாமே அந்த ஈரத்தைச் சீராக வெளியேற்றுவதை முன்னிட்டே அமைந்துள்ளன.

மாவு

நல்ல பிஸ்கட், மாவு மில்லிலேயே தொடங்குகிறது. தருமபுரி மாவட்டத்தில் குடும்ப அட்டைக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ ராகி வழங்கும் திட்டம் 2023-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டதால், பல வீடுகளில் ராகி ஏற்கெனவே இருக்கும். சந்தையில் வாங்கினாலும், சொந்தக் காட்டில் விளைந்ததானாலும், முறை ஒன்றே. ராகியைப் புடைத்துத் தூசு நீக்கி, தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி, அரித்து எடுக்க வேண்டும். களத்து மண்ணும் பொடிக் கற்களும் ராகியின் அளவிலேயே இருப்பதால் புடைத்தால் மட்டும் போதாது. களியில் தெரியாமல் போகும் ஒரு சிறு நறநறப்பு, மெல்லிய பிஸ்கட்டில் பல்லில் நன்றாகவே படும். அரித்த ராகியை வடித்து, துணியில் பரப்பி, ஒரு நாள் முழு வெயிலில் உலர்த்தி, கையில் எடுத்தால் சலசலவென்று உதிரும் நிலையில் அரைக்கக் கொடுக்க வேண்டும்.

மில்லில் மிளகாய் அரைத்த கையோடு நம் ராகியைப் போட விடாமல், ஏதேனும் தானியம் ஓடிய பிறகு அரைக்கச் சொல்வது நல்லது. அரைத்து வந்த மாவு சூடாக இருக்கும். அதை அப்படியே டப்பாவில் அடைத்தால் உள்ளே வியர்த்துக் கட்டிகட்டும். செய்தித்தாளில் அல்லாமல், சுத்தமான வெள்ளைத் துணியில் பரப்பி ஆறவைத்து, சன்னமான சல்லடையில் சலித்துக்கொள்ள வேண்டும். சலிக்கும்போது மேலே தங்கும் உமித்துகளை இந்தப் பிஸ்கட்டுக்குச் சேர்க்க வேண்டாம். மாவைத் திரட்டும்போது அவை விரிசலை உண்டாக்கும். களிக்கும் கூழுக்கும் அது தாராளமாகப் போகட்டும்.

முளைகட்டிய ராகி மாவு வைத்திருப்பவர்கள் அதை இதற்குப் பயன்படுத்தாமல் இருப்பதே நல்லது. முளைக்கும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுவதால், பிசையும்போது கையில் பிசுபிசுக்கும், ஓவனில் வேகமாகக் கருகும். பழகிய பிறகு, வெப்பத்தை 10 டிகிரி குறைத்து அதிலும் செய்து பார்க்கலாம்.

ராகியில் கோதுமையில் உள்ளதுபோன்ற பசையுள்ள புரதம் கிடையாது. அதனால் ராகி மாவை மட்டும் வைத்து மெல்லியதாகத் திரட்டினால், எடுக்கும்போதே ஒடிந்துவிடும். தொடக்கத்தில் ராகியும் கோதுமையும் சம பங்காக இருப்பதே கைக்கு அடங்கும். கை பழகியபின் ராகியை மூன்றில் இரண்டு பங்கு வரை உயர்த்தலாம். ராகி மாவைப் பிசைவதற்கு முன் வெறும் வாணலியில் சிறு தீயில் நான்கைந்து நிமிடம், வாசனை எழும்வரை வறுத்து ஆறவைத்துக்கொண்டால் பச்சை வாடை நீங்கும். இந்தப் படியைத் தவிர்த்துவிட்டு ஓவனிலேயே அது போய்விடும் என்று எண்ணக் கூடாது. இருபது நிமிடச் சூட்டில் அந்த வாடை முழுவதும் போவதில்லை.

அளவுகள்

100 கிராம் ராகி மாவு, 100 கிராம் கோதுமை மாவு, 40 மில்லி கடலை எண்ணெய், முக்கால் தேக்கரண்டி உப்பு, அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு தேக்கரண்டி ஓமம், ஒரு மேசைக்கரண்டி வெள்ளை எள், பச்சை மிளகாய் மூன்று, ஒரு கொத்து கறிவேப்பிலை, ஏறத்தாழ 80 முதல் 90 மில்லி வெந்நீர் ஆகியவை ஒரு ஈடுக்குப் போதுமானவை. நான்கு சென்டிமீட்டர் சதுரத் துண்டுகளாக வெட்டினால் எண்பதுக்குக் குறையாமல் வரும்; நடுத்தர ஓவனின் தட்டில் இதை இரண்டு முறையாகச் சுட வேண்டியிருக்கும். முதல் தடவையே அளவை இரட்டிப்பாக்க வேண்டாம். ஒரு தட்டு வேகும் நேரத்தில் மற்றொரு தட்டைத் திரட்டி முடிக்கும் வேகம் வரும்வரை, காத்திருக்கும் மாவு காய்ந்து வெடிக்கும்.

எண்ணெயைக் குறைத்துவிட வேண்டும் என்ற எண்ணம் பலருக்கு வருகிறது. 40 மில்லி என்பது பொரிக்கும் பலகாரங்கள் குடிக்கும் எண்ணெயோடு ஒப்பிட்டால் குறைவே. அதையும் பாதியாக்கினால் பிஸ்கட் மொறுமொறுப்பாக வராமல் கல்லாக இறுகும். மாவின் துகள்களை எண்ணெய் சூழ்ந்துகொள்வதால்தான் கோதுமையின் பசை முழுவதுமாகப் பிணையாமல், கடித்தவுடன் உடையும் தன்மை கிடைக்கிறது. நம் பகுதியில் செக்குக் கடலை எண்ணெய் எளிதாகக் கிடைப்பதால் அதையே பயன்படுத்தலாம். ராகியின் மணத்தோடு அது நன்றாகச் சேர்கிறது. எண்ணெய் பழைய வாடை அடிக்கிறதா என்று முன்னதாகவே முகர்ந்து பார்த்துக்கொள்வது அவசியம், ஏனெனில் டப்பாவில் இருக்கும் நாட்களில் அந்த வாடை கூடுமே தவிரக் குறையாது.

பேக்கிங் பவுடருக்குப் பதிலாகச் சமையல் சோடாவைப் போட வேண்டாம். புளிப்புப் பொருள் எதுவும் இல்லாத மாவில் சோடா சேர்ந்தால் நிறம் மேலும் கறுக்கும், நாக்கில் சோப்புச் சுவை தங்கும்.

பிசைதல்

பச்சை மிளகாயை நறுக்கிச் சேர்ப்பதே பேக்கரி வழக்கம். ஆயினும் இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள பிஸ்கட்டில் மிளகாய்த் துண்டு இருக்கும் இடம் மட்டும் ஈரமாக நின்றுவிடும். மிளகாயை உப்புடன் சேர்த்து அம்மியிலோ மிக்ஸியிலோ விழுதாக நைத்து, வெந்நீரில் கலந்துவிட்டால் காரமும் உப்பும் சீராகப் பரவும். கல் உப்பு பயன்படுத்துவோருக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு: பிசைந்த மாவில் கல் உப்பு கரைவதற்குப் போதிய தண்ணீர் இருக்காது. கறிவேப்பிலையைக் கழுவித் துணியில் ஒற்றி, நன்றாக உலர்ந்த பின்னரே பொடியாக நறுக்க வேண்டும்.

இரண்டு மாவையும் பேக்கிங் பவுடருடன் சேர்த்துச் சலித்து, எண்ணெயை ஊற்றி, விரல் நுனிகளால் தேய்த்துப் பிசிற வேண்டும். ஒரு கைப்பிடி மாவை அழுத்தினால் பிடித்த வடிவில் நின்று, விரலால் தட்டினால் உதிர வேண்டும். நிப்பட்டுக்கும் தட்டைக்கும் மாவு பிசிறியவர்களுக்கு இந்தப் பதம் கையிலேயே இருக்கும். அதன்பின் எள், ஓமம், கறிவேப்பிலையைச் சேர்த்து, மிளகாய் கலந்த வெந்நீரைச் சிறிது சிறிதாகத் தெளித்துச் சேர்க்க வேண்டும். தண்ணீர் கொதிக்க வேண்டியதில்லை, கை பொறுக்கும் சூடு போதும். ராகி மாவு குளிர்ந்த தண்ணீரைவிடச் சூடான தண்ணீரை நன்றாக உறிஞ்சி மென்மையாகிறது என்பது ராகி ரொட்டி தட்டுகிற எல்லோருக்கும் தெரியும்.

மாவு ஒன்றுசேர்ந்து உருண்டையானதும் நிறுத்திவிட வேண்டும். சப்பாத்திக்குப் பிசைவதுபோல அடித்துப் பிசைந்தால் கோதுமையின் பசை வலுத்து, திரட்டும்போது மாவு சுருங்கிச் சுருங்கி வரும், சுட்டபின் கடினமாக இருக்கும். உருண்டையை ஈரத் துணியால் மூடி அரை மணி நேரம் வைத்தால், ராகி முழுமையாக நீரை உறிஞ்சிக்கொள்ளும். அரை மணி நேரத்துக்குப் பின் விளிம்புகள் வெடித்தால் ஒரு தேக்கரண்டி தண்ணீர் தெளிக்கலாம். கையில் ஒட்டினால் சிறிது கோதுமை மாவைத் தூவலாம்.

திரட்டுவதும் வெட்டுவதும்

இதுவே எல்லாவற்றிலும் கவனம் கோருகிற பகுதி. ஒரே தட்டில் ஓரிடம் ஒரு மில்லிமீட்டரும் மற்றோரிடம் மூன்று மில்லிமீட்டரும் இருந்தால், மெல்லிய இடம் கருகும் நேரத்தில் தடித்த இடம் வெந்துகூட இருக்காது. நிறம் உதவாத ராகியில் இந்த வேறுபாட்டைச் சுட்டு முடித்த பின்னரே கண்டுபிடிக்க முடியும். எளிய வழி ஒன்று இருக்கிறது. குச்சி ஐஸில் வரும் தட்டையான மரக்குச்சிகள் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் கனம் உள்ளவை. கழுவி உலர்த்திய குச்சிகளை மாவின் இருபுறமும் வரிசையாக வைத்து, பூரிக்கட்டையின் இரு முனைகளும் அவற்றின்மேல் உருளும்படி திரட்டினால், கட்டை அதற்குமேல் கீழே இறங்காது. கனம் எங்கும் ஒன்றாக அமைந்துவிடும்.

மாவை இரண்டு பங்காகப் பிரித்து, ஒன்றை மூடி வைத்துவிட்டு மற்றதை ஓவனுக்குரிய பேக்கிங் தாளின்மேல் வைத்து, மேலே கனமான பிளாஸ்டிக் தாளோ, கழுவி வெட்டிய பால் கவரோ போட்டுத் திரட்ட வேண்டும். பிளாஸ்டிக்கை அகற்றிய பிறகே தட்டு ஓவனுக்குப் போக வேண்டும் என்பதைச் சிறுவர்கள் உதவிக்கு வரும் வீட்டில் இரண்டு முறை சரிபார்ப்பது நல்லது. திரட்டியதை இடம் மாற்றாமல், தாளோடு அப்படியே தட்டில் எடுத்து வைத்தால் ஒடியாது.

தட்டில் வைத்தபின், பீட்சா வெட்டும் சக்கரத்தாலோ கத்தியின் முனையாலோ சதுரமாகக் கோடிட வேண்டும். ஓரங்களில் ஒழுங்கற்றுத் தொங்கும் மெல்லிய பகுதிகளை வெட்டியெடுத்து, அடுத்த உருண்டையோடு சேர்த்துவிடலாம். பிறகு ஒவ்வொரு சதுரத்திலும் முள்கரண்டியால் மூன்று நான்கு இடங்களில், அடிவரை இறங்கும்படி குத்த வேண்டும். இந்தத் துளைகள் அழகுக்காக இடப்படுபவை அல்ல; உள்ளே உண்டாகும் நீராவி வெளியேற வழி இல்லாவிட்டால் பிஸ்கட் பூரிபோல் உப்பி, மேல்தோல் கருகி, அடிப்பகுதி ஈரமாக நிற்கும்.

சுடுதல்

ஓவனைப் பற்றிச் சில சொற்கள். ஓடிஜி வகை ஓவன்கள் (மின்கம்பிகளால் சூடாகும் மேசை ஓவன்கள்) பொதுவாக 1,200 வாட்டுக்கு மேல் மின்சாரம் எடுப்பவை. மிக்ஸி செருகும் 6 ஆம்பியர் பிளக்கில் அவற்றை இணைக்கக் கூடாது. கீசர் போன்றவற்றுக்கான 16 ஆம்பியர் இணைப்பில்தான் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் பெட்டியும் வேண்டாம். மைக்ரோவேவ் வைத்திருப்பவர்கள் அதில் சூடான காற்றைச் சுழலவிடும் கன்வெக்‌ஷன் வசதி இருந்தால் மட்டுமே இதைச் செய்ய முடியும். வெறும் மைக்ரோவேவ் அலையில் மாவு வேகும், மொறுமொறுப்பு வராது.

மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டும் எரியும்படி வைத்து, 170 டிகிரி செல்சியஸில் பதினைந்து நிமிடம் வெறும் ஓவனைச் சூடேற்ற வேண்டும். விளக்கு அணைந்ததும் தட்டை நடு அடுக்கில் வைத்து, பத்து நிமிடம் சுட வேண்டும். பத்தாவது நிமிடத்தில் தட்டை எடுத்து, முன்பக்கம் பின்பக்கமாக வரும்படி திருப்பி வைப்பதைத் தவறவிடக் கூடாது. வீட்டு ஓவன்களில் உட்பகுதி கதவுப் பக்கத்தைவிட எப்போதும் சூடாகவே இருக்கும். திருப்பும்போது ஓரத் துண்டுகள் இறுகியிருந்தால் அவற்றை அப்போதே எடுத்துவிடலாம். அதன்பின் வெப்பத்தை 150 டிகிரிக்குக் குறைத்து, மேலும் எட்டு முதல் பத்து நிமிடம் விட வேண்டும். முதல் பத்து நிமிடத்தில் மாவு வெந்து வடிவம் நிற்கிறது. குறைந்த சூட்டில் கழியும் இரண்டாம் பகுதியில்தான் ஈரம் வெளியேறுகிறது. அவசரப்பட்டு 200 டிகிரியில் விரைவாகச் சுட்டால், எள் கசந்துவிடும், நடுப்பகுதி மறுநாளே நமுத்துப்போகும்.

எப்போது எடுப்பது என்பதற்கு மூன்று அடையாளங்களை நம்பலாம். முதலாவது மணம்: தொடக்கத்தில் வெந்த மாவின் வாசமும், பிறகு வறுத்த ராகியும் எள்ளும் கலந்த வாசமும் எழும், அந்த இரண்டாம் வாசம் சமையலறை முழுவதும் பரவியதும் ஓவனை விட்டு நகரக் கூடாது, ஏனெனில் அடுத்து வருவது கருகல் நெடிதான். இரண்டாவது, கோடுகள்: ஈரம் போகும்போது பிஸ்கட் சற்றே சுருங்குவதால், கோடிட்ட இடங்கள் விலகித் தெரியும். மூன்றாவதும் உறுதியானதும் ஒடித்துப் பார்ப்பது. சூடாக இருக்கும்போது எல்லாப் பிஸ்கட்டுகளும் சற்று வளையும். அதைக் கண்டு மேலும் பத்து நிமிடம் சுடுவதால்தான் பல தட்டுகள் வீணாகின்றன. நடுவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெளியே மூன்று நிமிடம் ஆறவைத்து ஒடிக்க வேண்டும். சத்தத்தோடு ஒடிந்து, ஒடிந்த பக்கம் முழுவதும் ஒரே நிறமாக இருந்தால் வெந்துவிட்டது. நடுவில் கறுத்த, ஈரமான கோடு தெரிந்தால் இன்னும் மூன்று நிமிடம் தேவை.

வெந்தது உறுதியானதும் ஓவனை அணைத்து, கதவைச் சற்றே திறந்து, பத்து நிமிடம் உள்ளேயே விட்டால் எஞ்சிய ஈரமும் போகும். பிறகு கம்பி வலையிலோ மூங்கில் முறத்திலோ பரப்ப வேண்டும். சூடான தட்டிலேயே விட்டால் அடிப்பக்கம் வியர்க்கும். கோடிட்ட இடங்களில் ஒடித்துப் பிரிப்பது நன்றாக ஆறிய பிறகே.

ஓவன் இல்லாதவர்கள்

கனமான அடிப்பகுதியுள்ள பழைய அலுமினியப் பாத்திரத்தில் ஒரு அங்குல உயரத்துக்குக் கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு வளையம் வைத்து, மூடி, நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் காயவிட்டால் அது சிறு ஓவனாகிவிடும். பிஸ்கட் பரப்பிய சிறு தட்டை வளையத்தின்மேல் வைத்து மூடி, தீயைக் குறைத்துச் சுடலாம். மேலிருந்து சூடு வராததால், பன்னிரண்டு நிமிடத்தில் ஒவ்வொன்றையும் திருப்பிப் போட்டு, மூடியைச் சற்று விலக்கி, மேலும் பத்து நிமிடம் வைக்க வேண்டும். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு, பதினைந்துதான் கொள்ளும் என்பதால், இது விருந்தாளிக் கூட்டத்துக்கு ஏற்றதல்ல. செய்முறையைப் பழகிப் பார்க்கப் போதுமானது.

மாற்றங்கள்

சித்தேரி, ஜவ்வாது மலைப் பகுதிகளில் விளையும் சாமையை அரைத்து ராகிக்குப் பதில் சேர்க்கலாம். மாவு வெளிர் நிறமாக இருப்பதால் சுடும் பதத்தைக் கண்ணாலும் பார்க்க முடியும், ஆனால் சற்று நறநறப்பு உண்டு என்பதால் முக்கால் மணி நேரம் ஊற விட வேண்டும். கொள்ளை வறுத்து அரைத்த மாவில் 25 கிராமை கோதுமைக்குப் பதிலாகச் சேர்த்தால் கடிப்பதற்கு இன்னும் மொறுமொறுப்பாக இருக்கும். இந்த மாற்றத்தைத்தான் முதலில் முயன்று பார்க்கச் சொல்வேன், ஏனெனில் கொள்ளின் மணம் ஓமத்தோடு சேரும்போது வேறெந்தப் பயறும் தராத சுவை வருகிறது. புளிப்பு விரும்புவோர், ஓவனிலிருந்து எடுத்த சூட்டில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை மேலே தடவி, உலர்ந்த மாங்காய்ப் பொடியையும் மிளகாய்த் தூளையும் தூவலாம். வெங்காயம், பூண்டு ஆகியவற்றைத் தவிர்ப்பதே நல்லது. அவற்றின் ஈரமும் சர்க்கரையும் இந்தச் சூட்டில் கசப்பாக மாறிவிடுகின்றன.

எடுத்து வைத்தல்

நம் மாவட்டங்களில் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் நல்ல மழை பெய்யும். தீபாவளியும் அந்தக் காலத்திலேயே வருவதால், காற்றின் ஈரமே பிஸ்கட்டுக்கு முதல் எதிரி. பண்டிகைக்கு நான்கைந்து நாள் முன்னதாக, வெயில் தெரியும் ஒரு நாளில் சுட்டு, முழுவதும் ஆறியபின் இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் அடைப்பது முறை. சிறிது சூடு இருக்கும்போது மூடினால், அந்த ஒரு தவறு அதுவரை பட்ட பாட்டையெல்லாம் கெடுத்துவிடும். ஒரே பெரிய டப்பாவைவிட இரண்டு மூன்று சிறிய டப்பாக்கள் நல்லவை. ஒன்றைத் திறந்து தீர்த்த பிறகு மற்றதைத் திறக்கலாம். இவ்வாறு வைத்தால் இரண்டு வாரம் வரை மொறுமொறுப்பும் எண்ணெயின் மணமும் கெடாது.

அதிரசம், மைசூர்பாகு முதலியவற்றோடு ஒரே டப்பாவில் இதை வைக்கவே கூடாது. இனிப்பிலுள்ள ஈரம் உலர்ந்த பிஸ்கட்டுக்கு மெல்ல இறங்கி, ஓரிரவில் அதை நமுக்கச் செய்துவிடும். சொந்தக்காரர் வீடுகளுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பும்போதும், பிஸ்கட்டைத் தனிக் கவரில் போட்டு வாயை இறுக ஒட்டிய பின்னரே தட்டில் அடுக்க வேண்டும். அப்படியும் நமுத்துவிட்டால் எறிந்துவிட வேண்டாம்: 120 டிகிரியில் ஆறு அல்லது ஏழு நிமிடம் வைத்து ஆறவிட்டால் மீண்டும் மொறுமொறுப்பாகும். ஓவன் இல்லாத வீட்டினருக்கு, காய்ந்த இரும்புத் தோசைக்கல்லை இறக்கி வைத்து, அதன் எஞ்சிய சூட்டில் பிஸ்கட்டைப் பரப்பி எடுக்குமாறு கவரைக் கொடுக்கும்போதே சொல்லிவிடலாம்.